எந்த அம்மை என்று கேட்கக்கூடாத தெரு

1

நேற்றுக் காலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியவர் கொசு அதிகாரி. சிரிக்காதீர்கள், இந்த ஊரில் அப்படி ஓர் உத்தியோகம் இருக்கிறது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் டார்ச் விளக்கோடு வீடு வீடாக வருகிறார்கள். பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தால் அபராதம். அதில் புழு நெளிந்தால் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருக்கும் என்று எதிர்வீட்டுச் சீனர் ஜாடையிலேயே எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் பூந்தொட்டியே கிடையாது. இருந்தும் அந்தக் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "குட் மார்னிங்" என்பதற்குப் பதிலாக "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டேன். அவர் குளியலறை வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார், ஜன்னல் ஓரம் பார்த்தார். என் மகள் செல்வி அவர் பின்னாலேயே போய், நாங்கள் மறந்துபோன மூலைகளையெல்லாம் தானாகவே காட்டிக் கொடுத்தாள். அவர் போன பிறகு என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததைப் பார்த்து, "ஜங்கான் தாக்குத் லா, அப்பா" என்றாள். பயப்படாதே என்று மலாயில் சொல்வது அது. அவளுக்கு ஏழு வயது. எனக்குத் தைரியம் சொல்லக்கூட அவளுக்குத் தமிழ் வாயில் வரவில்லை.

நான் சிங்கப்பூருக்கு வந்து வெகு காலமாகிறது. சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலையிலிருந்து மாலை வரை பட்டுப் புடவையை விரித்துக் காட்டுவதும், வாங்காமல் போனவர்களைத் திட்டாமல் மடித்து வைப்பதும்தான் என் ஜீவனம். சொந்த ஊர் காஞ்சிபுரம். சுபாவத்தில் பயந்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆனால் சர்க்கார் ஆள் வாசலில் நின்றால் உடம்பெல்லாம் வேர்ப்பது போன வருஷம் நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பியதிலிருந்து வந்த வியாதி. ஊரில் இருப்பவர்கள் அதைப் பற்றிப் பலவிதமாகப் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

2

என் மனைவி கஸ்தூரியின் தங்கைக்குக் கல்யாணம். செல்வி பிறந்த பிறகு நாங்கள் ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. பிள்ளையார்பாளையத்தில் கஸ்தூரியின் அண்ணன் ஏகாம்பரத்தின் வீட்டில் தங்கினோம். இரண்டு தறி ஓடுகிற வீடு. அந்தத் தெருவில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அங்கே ஒருவர் இருமினால் மூன்றாம் வீட்டில் தண்ணீர் கொண்டு வருவார்கள்.

ஏகாம்பரத்துக்கு ஒரே பையன், பாபு. இரண்டு வயது நிறையவில்லை. அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு கஸ்தூரியின் இடுப்பை விட்டு இறங்க மாட்டான். செல்விக்கு வேறு சிநேகிதம் கிடைத்தது, பக்கத்து வீட்டுக் கன்னியம்மா. அவளுக்குச் செல்வியைவிட ஒரு வயது கூட இருக்கும். செல்வியின் தமிழ் அவளுக்குப் பாதி புரியாது, இருந்தாலும் நாளெல்லாம் பேச்சுத்தான். ஒரே தட்டில் சோறு, ஒரே பாயில் மதியத் தூக்கம். கல்யாண வீட்டில் மீந்த பூவையெல்லாம் ஒருத்திக்கு ஒருத்தி வைத்துவிட்டு, இரண்டு தலையணைகளுக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் முடிந்த சில நாளில், ஒரு காலை தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். நெசவுக்காரர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீராக்குவார்கள். வழக்கமாகக் கன்னியம்மா வீட்டு வாசலைத் தாண்டித்தான் அது போகும். அன்றைக்கு அவள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே கம்பு நட்டுக் கட்டிவிட்டார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். கன்னியம்மா வீட்டு நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

அதற்குப் பிறகு தெருவுக்கு ஒரு சட்டம் வந்துவிடுகிறது. அந்த வீட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். அங்கிருந்து ஒரு நூல் வெளியே வராது. அந்த வீட்டில் தாளிக்கிற வாசனை எழாது. வாசலோடு போகிறவர்கள் "வரேன்" என்று சொல்லிக்கொண்டு போகக்கூடாது. அம்மா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள், தண்ணி ஊற்றுகிற வரைக்கும் இப்படித்தான். இதில் பாதி, இங்கே சுகாதார இலாகா அச்சடித்து ஒட்டுகிற விதிகளைப் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் கேட்கவே கூடாது. எந்த அம்மை என்று.

நாலு நாளில் போகிற சின்னம்மையா, மணல்வாரியா, அல்லது ஆளைக் கொண்டுபோகிற அந்தப் பெரியதா? வந்தவளை யார் என்று விசாரிக்கிறவன் அவளை அவமானப்படுத்துகிறான் என்பது தெருவின் நம்பிக்கை. நானும் அதே ஊர்க்காரன்தானே. கப்பல் ஏறி, பேனா பிடித்து, இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவன்தான். ஆனாலும் எனக்குக் கேட்க வாய் வரவில்லை. செல்வியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். வேறொன்றும் செய்யவில்லை.

3

மறுநாள் முனிசிபாலிட்டியிலிருந்து அம்மை குத்துகிறவர் வந்தார். எங்கிருந்தோ ஊருக்குள் நோய் வந்துவிட்டதாகப் பேச்சு. தெருமுனையில் அவர் சைக்கிள் தெரிந்ததுமே கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. அவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்த தறிகள்கூட நின்றன. ஏகாம்பரம் மட்டும் வாசலுக்குப் போனார்.

"இங்க ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"அந்த வீட்ல வேப்பிலை கட்டியிருக்குதே?"

"அது வேண்டுதல்ங்க."

"நோய் இருந்தா சொல்லணும்னு சட்டம் இருக்குதுபா. சொல்லலன்னா உங்க மேலதான் கேஸ் வரும். கைக் குழந்தைங்க எத்தினி இருக்குது இங்க? கூப்பிடுங்க, ஒரு நிமிஷம் ஆவாது."

"அம்மா தெருவுல இருக்கறப்ப இரும்பு படக்கூடாதுங்க. நீங்க அப்பறமா வாங்க."

உள்ளே பாபு கஸ்தூரியின் இடுப்பில் இருந்தான். அவன் அழுதுவிடப் போகிறானே என்று அவள் அவன் வாயில் வெல்லத்தை வைத்தாள். அம்மை குத்துகிறவர் கொஞ்ச நேரம் நின்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தெரு முழுக்க ஆள் இருப்பது அவருக்குத் தெரியும், ஒருவரையும் பிடிக்க முடியாது என்பதும் தெரியும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஏகாம்பரத்தை மூடர் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இரவு பகலாகத் தறியில் உட்கார்ந்து தங்கையைக் கட்டிக்கொடுத்த மனிதர். "மாப்ள, நாம ஒரு வார்த்தை தப்பாச் சொல்லி, அவ கோச்சிக்கினு இந்த வீட்டுக்குள்ள வந்துட்டா யார் தடுக்கறது? உன் கப்பல் சட்டமா தடுக்கும்?" என்று கேட்டார். அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார். என் பயத்துக்கும் அவர் பயத்துக்கும் வித்தியாசம், அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

4

கப்பல் ஏறுவதற்கு அம்மை குத்திய சான்றிதழ் இல்லாமல் முடியாது. சென்னையில் மூவரும் வரிசையில் நின்று குத்திக்கொண்டோம். முத்திரை வாங்க நான் ஜன்னலுக்குப் போனேன். கஸ்தூரி குழந்தையை அழைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். கை காலைக் கழுவிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கப்பலில் எங்களுக்கு மேல்தள டிக்கெட். கூரையும் பாயும் உண்டு, அறை கிடையாது. எங்களுக்குப் பக்கத்தில் நம் காஞ்சிபுரத்துக்காரர், இங்கே அத்தர் வியாபாரம் செய்கிற காதர் பாய். பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்த மகளையும் மூன்று மாதப் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்தார். பிரியாணிக்கு அரிசி எப்படி ஊறவேண்டும் என்று பினாங்கு வரை பேசினார். நான் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டு, செல்வியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரில் அறை டிக்கெட்காரர்கள் இறங்கி வீட்டுக்குப் போனார்கள். மேல்தள ஆட்களைப் படகில் ஏற்றித் தெற்கே இருக்கும் தீவுக்குக் கொண்டுபோனார்கள். குவாரண்டைன். நோய் காசு பார்த்து ஆளைப் பிடிப்பதில்லை, சட்டம் மட்டும் டிக்கெட்டைப் பார்க்கிறது என்று காதர் பாய் முணுமுணுத்தார். நீளமான கொட்டகைகள், வரிசையாகப் பலகைப் படுக்கைகள், சுற்றிலும் வேலி, வேலிக்கு வெளியே வாதாமரங்களும் கடலும். எங்கள் துணிகளையெல்லாம் வாங்கி நீராவியில் போட்டார்கள். கஸ்தூரியின் கல்யாண வரிசைப் புடவையும் அதில் போனது. அது வெளியே வந்த கோலத்தைப் பார்த்து, பட்டு விற்றுப் பிழைக்கிற எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு நான் வருத்தப்பட்டது அதற்குத்தான் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஓர் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து எல்லோரையும் கேட்டார். தங்கியிருந்த வீட்டில், தெருவில், யாருக்காவது பெரியம்மை உண்டா? கஸ்தூரி என்னைப் பார்த்தாள். குழந்தை பக்கத்தில் நிற்கும்போது அந்தப் பெயரை வாயால் சொல்லி ஆமாம் என்பதா? அதுவுமல்லாமல் எனக்கு உண்மையிலேயே தெரியாது. பெரியதா சின்னதா என்று நாங்கள் கேட்கவே இல்லையே. "தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவர் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

இன்னொரு பயமும் இருந்தது. நான் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. திரும்பி நுழைவதற்குக் கொடுத்த அனுமதிக்குக் கெடு முடியப் போகிற நேரம். தீவில் அதிக நாள் நிறுத்திவிட்டால் அந்தத் தேதி தாண்டிவிடும். தாண்டினால் வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கொட்டகையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சுதந்திரம் வந்த பிறகு இங்கே சட்டங்கள் வருகிற வேகத்தில், எது நிஜம் எது வதந்தி என்று என்னைப் போன்றவனுக்கு எப்படித் தெரியும்?

5

சில நாள் கழித்து ஒரு மதியம் செல்வி சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். நெற்றி கொதித்தது.

கஸ்தூரி என்னை வேலி ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, மெட்ராஸ்ல குத்தினாங்க இல்ல. நான் குழாயடியில வச்சி அத்த நல்லாத் தொடச்சிட்டேங்க. தெருவுல அம்மா இருக்கறப்ப குத்தினா கோவம் வந்துடும்னு. முந்தானையால தேய்ச்சித் தேய்ச்சித் தொடச்சிட்டேன்."

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது, அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் குழந்தையை எங்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தனிக் கட்டடத்துக்குள் போனவர்களைப் பெற்றவர்கள்கூடப் பார்க்க முடியாது என்று முதல் நாளே கேட்டிருந்தோம். சொல்லாவிட்டால், எங்கள் படுக்கைக்கு ஒரு முழம் தள்ளிக் காதர் பாயின் பேரன் கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தான்.

"சாயந்தரம் வரைக்கும் பாக்கலாம். வெறும் காய்ச்சலா இருக்கும்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த புத்தி அவ்வளவுதான்.

நாங்கள் கொட்டகைக்குத் திரும்பியபோது, கூட்டிப் பெருக்கி உதவிக்கு வருகிற மைமுனா என்ற மலாய்க்கார அம்மாள் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செல்வி படுத்தபடியே அவளோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தாள். கஸ்தூரிக்கு அந்தப் பாஷை தெரியாது. எனக்குக் கடை மலாய் தெரியும். ஒவ்வொரு வார்த்தையாக என் காதில் விழுந்தது. "காவான் சாயா சக்கித்." என் சிநேகிதிக்கு உடம்பு சரியில்லை. முகமெல்லாம் கொப்புளம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் இலை கட்டினார்கள். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று அம்மா சொன்னாள். ஏன் பேசக்கூடாது?

மைமுனா மெதுவாக எழுந்தாள். என்னைப் பார்த்துவிட்டு ஆபீஸ் பக்கம் வேகமாக நடந்தாள். ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று நினைத்தேன். என் பெண் இந்த ஊரில் வளர்ந்து நம் வழக்கமெல்லாம் மறந்துபோகிறாள் என்று நான் எத்தனை தடவை புலம்பியிருக்கிறேன். தெருவுக்கு வந்த அம்மாவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்ற பயம் அவளுக்குள் ஏறவே இல்லை. கேட்டவளிடம் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டாள்.

"இன்னாங்க சொன்னா?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"எல்லாத்தையும்."

6

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வயதானவர், மூக்குக் கண்ணாடி. செல்வியைத் தனிக் கட்டடத்துக்குத் தூக்கிப் போகச் சொன்னார். கஸ்தூரி தூக்கிச் சென்றவர்கள் பின்னாலேயே ஓடி, கதவு சாத்தியதும் அந்தக் கதவிலேயே தலையை முட்டிக்கொண்டு நின்றாள். கொட்டகையில் எல்லோரும் எங்கள் படுக்கையிலிருந்து விலகிப் போனார்கள். காதர் பாய் தூரத்தில் நின்றபடி, "ஏம்பா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? புள்ள பக்கத்துலயே படுத்துக்கினு இருக்குதே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டே சொன்னார்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்ன வருத்தம், என்ன நோய் எண்டு கேட்டனீங்களோ?"

"கேட்கக் கூடாதுங்க."

"ஆர் சொன்னது?"

நான் விளக்கினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கட ஊரிலயும் அம்மாள் எண்டுதான் சொல்லுறது. என்ர தாயும் அப்படித்தான். ஆனா நான் எழுத வேண்டிய இடத்தில அம்மாள் எண்டு எழுத ஏலாது. எது எண்டு எழுத வேணும். அதைப் பொறுத்துத்தான் இஞ்ச இருக்கிற சனத்தை என்ன செய்யிறது எண்டு முடிவெடுக்கலாம்."

அவர் சொன்னபடி ஏகாம்பரத்துக்குத் தந்தி கொடுத்தேன். பக்கத்து வீட்டில் எந்த அம்மை, உடனே தெரிவிக்கவும். என் வாழ்க்கையில் இவ்வளவு துணிச்சலான கேள்வியை நான் யாரையும் கேட்டதில்லை. பதில் வந்தது: அம்மா அருளால் எல்லோரும் சுகம்.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "இது மறுமொழியே இல்லையே" என்றார்.

எனக்குத் தெரியும். நான் ஏகாம்பரத்தின் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அதற்கு அடுத்த நாள் செல்விக்கு முகத்தில் சிவப்பாக எழும்பியது. கதவுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்று கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்க்கவிட்டார்கள். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. அவள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். கஸ்தூரி கையை ஆட்டவில்லை. திரும்பி நடந்தாள். எங்கே போகிறாள் என்று பின்னாலேயே போனேன். நேரே டாக்டர் அறைக்குள் போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றாள். அவர் ஏறிட்டுப் பார்த்தார்.

"நான் சொல்றத எழுதிக்கோங்க" என்றாள். "பிள்ளையார்பாளையம். எங்க அண்ணன் வீட்டுக்குக் கிழக்கால வீடு. அந்தப் பொண்ணுக்கு உடம்பெல்லாம் இருக்குது, உள்ளங்கையிலகூட இருக்குது. நான் சுவத்து மேலால பாத்தேன். அம்மை குத்த வந்தவர எங்க அண்ணன் திருப்பி அனுப்பிட்டான். அந்தத் தெருவுல ஒரு குழந்தைக்கும் குத்தல. அங்க எங்க அண்ணன் புள்ள இருக்கான். ரெண்டு வயசு. அவன் கையில ஒரு தழும்புகூட இல்ல. எம் பொண்ணுக்குக் குத்தினதையும் நாந்தான் தொடச்சிட்டேன். நீங்க காஞ்சிபுரம் ஆபீசுக்கு எழுதுங்க. கதவ ஒடச்சாவது குத்தச் சொல்லுங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அண்ணனை மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. கூடப் பிறந்தவன் தெருவையே சர்க்காரிடம் காட்டிக் கொடுக்கிறாளே, உன் அண்ணன் உன்னை வாசல் படி ஏற விடுவாரா என்று கேட்க வாய் திறந்தேன். அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். அன்றைக்கே காஞ்சிபுரத்துக்குத் தந்தி போயிற்று.

7

செல்விக்கு வந்தது மணல்வாரி என்கிற தட்டம்மை. கப்பலில் எந்தக் குழந்தையிடமிருந்தோ தொற்றியது. டாக்டர் அதைச் சொன்னபோது எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. நம் ஊரில் அதற்கும் வேப்பிலைதான், அதுவும் அம்மாதான். வந்தது எது என்று கேட்டு, பார்த்து, பெயர் சொல்லிப் பிரிக்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. காதர் பாய் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

எங்கள் சந்தோஷம் அந்த வாரம்கூட நிலைக்கவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து பதில் வந்தது. கன்னியம்மாவுக்கு வந்தது பெரியதுதான். நாங்கள் கப்பலில் இருந்தபோதே அவள் போய்விட்டாள். தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் வேப்பிலை ஏறியிருந்தது.

ஒரே தட்டில் சாப்பிட்ட குழந்தை. என் பெண் மட்டும் எப்படித் தப்பினாள் என்று கேட்டேன். டாக்டர் செல்வியின் மேல்கையில் பழைய தழும்பைத் தொட்டுக் காட்டினார். பிறந்த வருஷம் இந்த ஊர்ச் சட்டப்படி கட்டாயமாகக் குத்தியது. குத்திய அன்றைக்குக் கஸ்தூரி அழுதாள். நான் கிளினிக்கை விட்டு வெளியே வந்து, இதெல்லாம் என்ன அராஜகம் என்று நண்பர்களிடம் சத்தம் போட்டேன். அந்த அராஜகத்தால் என் பெண் உயிரோடு இருக்கிறாள் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது. என் அனுமதிக் கெடு விஷயமும் ஒன்றுமில்லாமல் போயிற்று. தீவில் நிறுத்தப்பட்ட நாட்களைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை.

கன்னியம்மா போய்விட்டது செல்விக்கு இன்னும் தெரியாது. அடுத்த லீவுக்கு அவளுக்கு ரிப்பன் வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்கிறாள். நாங்கள் வேறு பேச்சுக்குப் போகிறோம்.

எங்கள் தந்தியால் தெருவில் என்ன நடந்தது என்பதைப் பல வாயால் கேட்டோம். போலீசோடு போனார்களாம். பூட்டிய கதவுகளைத் திறக்கவைத்தார்களாம். அழுத குழந்தைகளைப் பிடித்து வைத்துக் குத்தினார்களாம். எல்லாம் சிங்கப்பூர்க்காரி செய்த வேலை என்று தெருவே பேசியதாம். ஏகாம்பரம் எங்களுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார். பொங்கலுக்கும் எழுதவில்லை. தங்கை வீட்டு மனிதர்கள்கூடக் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருக்கிறார்கள். பலவந்தமாகக் கதவைத் திறந்தது சரிதானா என்று என்னைக் கேட்டால், எனக்கு இன்றைக்கும் பதில் தெரியவில்லை. ஏகாம்பரம் வாசலில் போலீஸ்காரன் நின்ற காட்சியை நினைத்தால் தப்பு என்று தோன்றுகிறது. நிற்காமல் இருந்திருந்தால் என்று நினைத்தால் பாபுவின் தழும்பில்லாத கை ஞாபகம் வருகிறது.

போன மாதம் காதர் பாய் ஊருக்குப் போய் வந்தார். நாங்கள் கேட்காமலே பிள்ளையார்பாளையம் போயிருக்கிறார். வந்ததும் வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"உங்கண்ணன் வாசல்லயே நிறுத்திப் பேசினாரும்மா. உள்ள வான்னு சொல்லல. கூடப் பொறந்தவளே போலீச அனுப்பிட்டாளே, இனிமே அவ செத்தாலும் நான் வரமாட்டேன்னாரு. தெருவுக்கே கேக்கற மாதிரி திட்டினாரு."

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் திட்டிக்கினு இருக்கறப்பவே உள்ளேருந்து பையன் ஓடியாந்தான்மா. சட்டை போடல. நல்லா வளந்துட்டான். இங்க, தோளுக்குக் கீழ, தழும்பு இருக்குது. அவன் அப்பன் காலக் கட்டிக்கினான். உங்கண்ணன் அவனத் தூக்கி இடுப்புல வச்சிக்கினு மறுபடியும் திட்டினாரு."

காதர் பாய் போன பிறகு கஸ்தூரி வெகு நேரம் டம்ளரைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். அழப்போகிறாள் என்று பயந்து, அண்ணனுக்கு நாமே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாங்க" என்றாள். "திட்டட்டும். வருஷம் பூரா திட்டட்டும். புள்ளய இடுப்புல வச்சிக்கினு தானே திட்டறான்."